உழவு இயந்திரத்தின் சுழற்சிமானி பிழைத்தால் காரணம் அறியும் முறை

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் உழவு இயந்திரத்தின் உதவியின்றி நடைபெறும் கமம் இன்று மிகச் சிலவே. படுவான்கரையில் பெரும்போகத்துக்கு நிலத்தைப் புரட்டுவதும், சேற்றைப் பதப்படுத்துவதும், சூடடிப்பதும், நெல்லை வீடு சேர்ப்பதும் அதன் வேலைகளாகும். எழுவான்கரையின் மணற்பாங்கான தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் பயிரிடுவோரும் நிலம் பண்படுத்தவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் அதனையே நாடுகின்றனர். ஆயினும் இவ்வியந்திரத்தில் ஓட்டுபவரின் கண்முன்னே உள்ள ஒரு சிறு கருவியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதுவே சுழற்சிமானி. நம்மவர் இதனை ஆர்.பி.எம். மீற்றர் என்பர். என்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுழலுகின்றது என்பதை இதன் முள் காட்டுகின்றது.

முள் விழுந்துவிட்டாலும் இயந்திரம் ஓடத்தானே செய்கின்றது என்று சிலர் எண்ணுவர். வேறு சிலர், முள் ஆடத் தொடங்கியதும் மீற்றர் பழுதென்று முடிவு செய்து புதியதொன்றை வாங்கிவிடுவர். புதியதும் அவ்வாறே ஆடக்கண்டு திகைப்பர். இவ்விரண்டு வழிகளாலும் நட்டமே உண்டாகும். முள்ளுக்கு வரும் அறிகுறி எங்கே பிறந்து எவ்வழியாக வருகின்றது என்பதை அறிந்து, அவ்வழியை முறையாகச் சோதித்தால், கோளாறு இருக்கும் இடத்தைக் கமக்காரரே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

முள் பிழைத்தால் நேரும் நட்டம்

உழவு இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து பிற கருவிகளுக்கு வலுக்கொடுக்கும் தண்டினை பி.ரி.ஓ. தண்டு என்கிறோம். இத்தண்டு நிமிடத்துக்கு 540 தடவை சுழலுதல் வேண்டும் என்பது உலகெங்கும் வழக்கிலுள்ள அளவு. சூடடிக்கும் இயந்திரம், சுழற்கலப்பை, நீர்ப்பம்பி, மருந்து தெளிகருவி ஆகியவற்றிற் பெரும்பாலானவை இவ்வளவையே கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. என்ஜின் எத்தனை சுழற்சியில் ஓடும்போது பி.ரி.ஓ. தண்டு 540 ஆகும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஆகையாற்றான் பல சுழற்சிமானிகளின் முகத்தில் அந்த இடத்தைத் தனிக்குறியிட்டுக் காட்டியுள்ளனர்.

முள் உள்ளதிற் குறைவாகக் காட்டுமாயின், நாம் அறியாமலே என்ஜினை அதிக வேகத்தில் ஓட்டுவோம். அப்போது சூடடிக்கும் உருளை நெல்மணியை உடைக்கும்; நல்ல மணியும் பதருடன் பறந்து வெளியே விழும். விதைநெல்லாயின் உடைந்த மணி முளைக்கமாட்டாது. முள் உள்ளதிற் கூடுதலாகக் காட்டுமாயின், இயந்திரம் மெதுவாக ஓடும். மணி வைக்கோலிலேயே தங்கிவிடும். பதரும் சரியாகப் பிரியாது.

நீர்ப்பம்பியின் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. பம்பியின் வேகம் நூற்றுக்குப் பத்து வீதம் கூடினால், நீரும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதமே கூடும். ஆனால் அதற்கு வேண்டிய வலுவோ நூற்றுக்கு முப்பத்துமூன்று வீதம் அளவு கூடிவிடும். அவ்வலு முழுவதும் நாம் காசு கொடுத்து வாங்கும் டீசலிலிருந்தே வருதல் வேண்டும்.

மேலும், பல உழவு இயந்திரங்களில் வேலை செய்த மணித்தியாலங்களை எண்ணும் கருவியும் இம்மீற்றரின் உள்ளேயே அமைந்துள்ளது. மீற்றர் நின்றால் எண்ணிக்கையும் நின்றுவிடும். ஒயில் மாற்றவேண்டிய காலம் தெரியாமற் போகும். மணித்தியாலக் கணக்கில் கூலி பேசியிருந்தால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வழக்கு உண்டாகும். என்ஜின் ஒலியைக் கேட்டே வேகத்தை அறிந்துகொள்வேன் என்போரும் உளர். பாரம் கூடும்போது ஒலியும் மாறுவதால் செவியை மட்டும் நம்புதல் தகாது.

அறிகுறி பிறக்கும் மூன்று வகைகள்

எவ்வகைச் சுழற்சிமானியாயினும் அதில் மூன்று பகுதிகள் உள்ளன. அறிகுறி பிறக்கும் இடம், அது செல்லும் வழி, அதனை ஏற்றுக் காட்டும் மீற்றர் என்பனவே அவை. நம் இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதலாவது, கேபிள் வகை. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த மெசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்களில் இதனைக் காணலாம். என்ஜினால் சுழற்றப்படும் ஒரு கம்பி, உறையொன்றின் உள்ளே சுழன்று மீற்றரை அடைகின்றது. மீற்றரின் உள்ளே ஒரு காந்தம் அக்கம்பியுடன் சுழலும். அது தன்னைத் தொடாமல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதனை எதிர்த்துப் பிடிக்கும். இவ்விரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். ஜேர்மனியில் ஒற்றோ சூல்ட்சே என்பவர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வேகமானியின் தத்துவமும் இதுவே.

இரண்டாவது, ஒல்ரனேற்றர் வகை. பெற்றோல் காரில் தீப்பொறி உண்டாக்கும் கொயிலிலிருந்து சுழற்சிமானிக்கு அறிகுறி எடுப்பது பழைய வழக்கம். டீசல் என்ஜினில் தீப்பொறியும் இல்லை, கொயிலும் இல்லை. ஆதலால், பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றரில் டபிள்யூ என்று குறியிட்ட முனையிலிருந்து ஒரு வயர் மீற்றருக்குச் செல்கின்றது. ஒல்ரனேற்றர் சுழலும்போது அங்கு தோன்றும் மின்துடிப்புகளை மீற்றர் எண்ணிக் காட்டுகின்றது.

மூன்றாவது, உணரி வகை. என்ஜினின் பறக்குஞ்சில்லைச் சுற்றியுள்ள பற்களுக்கு அருகில் ஒரு காந்த உணரியைப் பொருத்தியிருப்பர். ஒவ்வொரு பல்லும் அதனைக் கடக்கும்போது ஒரு துடிப்பு பிறக்கும். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்தூண்டலே இதற்கும் ஒல்ரனேற்றருக்கும் அடிப்படை. புதிய இயந்திரங்கள் பலவற்றில் இவ்வகை காணப்படுகின்றது.

கருவி எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

சுழற்சிமானியின் முள் மட்டும் நின்றுவிட்டதா, அன்றி டீசல் அளவு, வெப்பம் ஆகியவற்றைக் காட்டும் முட்களும் நின்றுவிட்டனவா என்று பார்க்க. எல்லாம் ஒருங்கே நின்றிருப்பின், கோளாறு அவற்றுக்குப் பொதுவான பியூஸிலோ ஏர்த் வயரிலோ இருத்தல் கூடும். முள் நின்றதோடு மின்னேற்றம் காட்டும் சிவப்பு விளக்கும் எரிகின்றதாயின், ஒல்ரனேற்றரையும் அதன் பெல்ற்றையும் முதலிற் பார்க்க. குழியில் விழுந்து எழும்போது மட்டும் முள் துள்ளுமாயின், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கின்றது. பெல்ற் கீச்சிடும்போது முள் விழுமாயின், பெல்ற் வழுக்குகின்றது. முள்ளின் நடத்தையை இவ்வாறு சிறிதுநேரம் ஊன்றிக் கவனித்தாலே கோளாறு எப்பக்கத்தில் உள்ளதென்பது பாதி விளங்கிவிடும்.

சோதனைக்குமுன் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இட்டு, பி.ரி.ஓ.வை விடுவித்தல் வேண்டும். சாரனின் தொங்கலும் தோளிற் கிடக்கும் துவாயும் சுழலும் பெல்ற்றிலோ தண்டிலோ அகப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் இறுக்கமான உடையுடன் மட்டுமே இவ்வேலையிற் புகுக.

கேபிள் வகையைச் சோதித்தல்

மீற்றரின் பின்புறத்தில் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, உட்கம்பி சுழலுகின்றதா என்று பார்க்க. ஒழுங்காகச் சுழன்றால் அறிகுறி மீற்றர்வரை வருகின்றது, பழுது மீற்றரிலேயே. சுழலவில்லையாயின் என்ஜினை நிறுத்தி, கேபிளின் மறுமுனையையும் கழற்றுக. உட்கம்பியின் ஒரு முனையை விரலாற் சுழற்றும்போது மறுமுனை சுழலாவிடில் கம்பி அறுந்துள்ளது. சுழலுமாயின், முனைகளிலுள்ள சதுரப்பகுதி தேய்ந்து உருண்டுவிட்டதா என்றும், என்ஜினில் அதனைச் சுழற்றும் பகுதி தேய்ந்ததா என்றும் பார்க்க.

முள் ஓரிடத்தில் நில்லாது ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கம்பி காய்ந்திருப்பதும் கேபிள் கூர்மையாக வளைந்திருப்பதுமே. கம்பியை உருவி மண்ணெண்ணெயிற் கழுவி, உலர்த்தி, மெல்லிய கிரீஸ் பூசி மீண்டும் இடுக. மீற்றர்ப் பக்கத்து முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் பூசலாகாது. பூசினால் அது ஏறி மீற்றருட் சென்று கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைக்கும்; முள் பொய்யாக உயரும். கேபிளைக் கட்டும்போது திடீர்த் திருப்பம் இன்றி அகலமான வளைவாக அமைக்க.

ஒல்ரனேற்றர் வகையைச் சோதித்தல்

இதற்கு ஒரு மல்ரிமீற்றர் தேவை. முதலாவதாகப் பெல்ற்றின் இறுக்கத்தைப் பார்த்துச் சரிசெய்க. அடுத்து, மல்ரிமீற்றரை ஆடலோட்ட வோல்ற் அளவில் வைத்து, ஒரு முனையை டபிள்யூ முனையிலும் மற்றதை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் பிடித்து, என்ஜினை ஓடவிடுக. பற்றரியின் வோல்ற்றில் ஏறக்குறையப் பாதியளவு காணப்பட்டால் அறிகுறி பிறக்கின்றது என்று கொள்ளலாம். ஒன்றும் காணப்படாவிடில் ஒல்ரனேற்றரைக் கழற்றித் திருத்துனரிடம் கொடுத்தல் வேண்டும்.

அங்கு அறிகுறி இருப்பின், அதே சோதனையை மீற்றரின் பின்புறத்தில், அவ்வயர் வந்து சேரும் முனையிற் செய்க. முன்னதில் இருந்து பின்னதில் இல்லையாயின், வழியிலுள்ள வயரே பழுது. ஐயந்தீர, டபிள்யூ முனையிலிருந்து மீற்றருக்குத் தற்காலிகமாகப் புதிய வயரொன்றை வெளியே இழுத்துப் பார்க்கலாம். முள் எழுந்தால் பழைய வயரை மாற்றுவதுடன் வேலை முடிந்தது.

மீற்றர்வரை அறிகுறி வந்தும் முள் எழாவிடில், உடனே மீற்றரைக் குறை கூறுதல் வேண்டா. ஏர்த் வயரையும் பார்க்க. சாவியைத் திறந்து விளக்குகளை எரியவிட்டு, மல்ரிமீற்றரை நேரோட்ட வோல்ற்றில் வைத்து, பற்றரியின் எதிர்முனைக்கும் மீற்றரின் ஏர்த் முனைக்கும் இடையே அளக்க. 0.2 வோல்ற்றுக்குக் குறைவாயின் ஏர்த் நன்று. அரை வோல்ற்றுக்கு மேலாயின், அது சட்டகத்தைத் தொடும் இடத்தில் துரு ஏறியுள்ளது. அவ்விடத்தை அரத்தாளால் தேய்த்து மினுக்கி இறுக்குக. மீற்றருக்கு வரும் மின்வழங்கலும் பற்றரியின் வோல்ற்றுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தும் முள் அசையாவிடின் மாத்திரமே புதிய மீற்றரை வாங்குக.

என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். அது ஒல்ரனேற்றரின் உட்பகுதிகளை எரித்துவிடக்கூடும். டபிள்யூ முனையை இரும்பில் உரசிப் பொறி பார்ப்பதும் தகாது.

உணரி வகையைச் சோதித்தல்

இரு வயர் கொண்ட காந்த உணரியாயின், அதன் இணைப்பைக் கழற்றி இரு முனைகளுக்கும் இடையே தடையை அளக்கலாம். அளவு இயந்திரத்தின் கைந்நூலிற் கண்டவாறு இருத்தல் வேண்டும். முடிவிலி காட்டினால் உட்சுருள் அறுந்துள்ளது. உணரியைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருப்பதைச் சில வேளைகளிற் காணலாம், துடைத்துவிடுக. நுனிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி கூடினால் அறிகுறி மெலியும். மெதுவாக ஓடும்போது முள் விழும். கைந்நூல் கூறும் இடைவெளியையே வைத்தல் வேண்டும். மூன்று வயர் கொண்ட உணரிகள் வேறு வகையின. அவற்றைத் தடை அளந்து சோதிக்கலாகாது.

முள் உறுதியாக நின்றும் பொய் கூறுதல்

கோளாறுகளுள் மிக ஏமாற்றுவது இதுவே. முள் ஆடுவதுமில்லை, விழுவதுமில்லை. ஆயினும் காட்டும் எண் பிழை. ஒல்ரனேற்றரை மாற்றியபின் இது நேர்வதுண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒல்ரனேற்றர் இரண்டு சுற்றுச் சுற்றுகின்றது. ஒல்ரனேற்றரின் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 துடிப்புகள் பிறக்கின்றன. என்ஜின் 1800 சுழற்சியில் ஓடும்போது, ஒரு செக்கனில் என்ஜின் 30 சுற்றும் ஒல்ரனேற்றர் 60 சுற்றும் சுற்றும், துடிப்புகள் 360. மீற்றர் இதனையே 1800 என்று காட்டுமாறு அமைந்துள்ளது. இப்போது சிறிய கப்பி பூட்டிய வேறொரு ஒல்ரனேற்றரைப் பொருத்தினோம் என்க. அது என்ஜினின் ஒரு சுற்றுக்கு இரண்டரைச் சுற்றுச் சுற்றுமாயின், அதே 1800 சுழற்சியில் துடிப்புகள் 450 ஆகும். முள் 2250 காட்டும். ஓட்டுபவர் முள்ளை 1800-இல் நிறுத்தினால், என்ஜின் உண்மையில் 1440 சுழற்சியிலேயே ஓடும். 1800-இல் பி.ரி.ஓ. தண்டு 540 ஆகும் இயந்திரமாயின், தண்டு 432 மட்டுமே சுழலும். மணி வைக்கோலோடு போவதைக் கண்டு நாம் சூடடிக்கும் இயந்திரத்தைக் குறை கூறுவோம். குற்றமோ கப்பியினது.

ஆகையால் ஒல்ரனேற்றரை மாற்றும்போது பழைய கப்பியின் விட்டத்தையும் புதியதன் விட்டத்தையும் அளந்து ஒப்பிடுக. முனைவுகளின் எண்ணிக்கை வேறுபட்டாலும் இதுபோன்ற பிழையே வரும். சில மீற்றர்களின் பின்புறத்தில் அளவைத் திருத்தும் அமைப்பு உண்டு.

முள்ளின் உண்மையை அறிய எளிய வழி

சுழலும் கப்பியில் ஒளிதெறிக்கும் சிறு நாடாவை ஒட்டி, தூரத்தே நின்று ஒளிக்கற்றையைப் பாய்ச்சி எண்ணும் கைச் சுழற்சிமானிகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. நாடாவை என்ஜின் நின்றிருக்கும்போதே ஒட்டுக. அக்கருவி இல்லாதவர் கீழ்க்காணும் முறையைக் கையாளலாம்.

கைந்நூலில், குறித்த என்ஜின் சுழற்சியில் ஒவ்வொரு கியரிலும் இயந்திரம் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் செல்லும் என்ற அட்டவணை இருக்கும். ஆளரவமற்ற, சமமான, கெட்டியான தெருவில் 100 மீற்றரை நாடாவால் அளந்து இரு முளைகளை நாட்டுக. பெட்டியைக் கழற்றிவிட்டு, முதல் முளைக்குச் சற்று முன்னரே வேகத்தைப் பிடித்து, முள்ளை ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டுக. மற்றொருவர் நேரத்தை எண்ணுதல் வேண்டும். அட்டவணைப்படி 2000 சுழற்சியில் வேகம் 20 கிலோமீற்றர் என்றால், 100 மீற்றரைக் கடக்க 18 செக்கன் ஆகும். முள் 2000 காட்டியும் 20 செக்கன் பிடித்ததாயின், உண்மையான சுழற்சி 1800 தான். இருதிசையிலும் ஓட்டி நடுத்தர நேரத்தைக் கொள்க. பின்சில்லு ரயர் அட்டவணைக்குரிய அளவினதாக இருத்தல் அவசியம்.

இவ்வாறு முள் சரியென்று கண்டபின், பி.ரி.ஓ. 540 ஆகும் இடத்தில் கைத் திறொட்டில் நெம்பு நிற்கும் நிலைக்கு நேராகப் பூச்சால் ஒரு கோடிடுக. டீசல் என்ஜினில் வேகத்தைச் சீராக்கும் கருவி உள்ளதால், என்றேனும் முள் நின்றுபோனாலும் அக்கோடு ஏறக்குறைய வழிகாட்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நாளும் வீணாகாது.

காய்கறி ஏற்றும் சிறு லொறிகள்

இன்றைய சிறு லொறிகளிலும் கார்களிலும் என்ஜினின் சுழல்தண்டை நோக்கும் உணரி, முதலில் கணினிக்கு அறிகுறி கொடுக்கும். கணினி அதனை மீற்றருக்கு அனுப்பும். முள் விழும்போது என்ஜினும் நின்றுபோனால், அல்லது உதைக்க மறுத்தால், உணரியையும் அதன் வயரையும் ஐயுறுக. என்ஜின் குறைவின்றி ஓட முள் மட்டும் விழுந்தால், உணரி பெரும்பாலும் நன்று. கோளாறு மீற்றரிலோ அதற்குச் செல்லும் வழியிலோ உண்டு. இவ்வேறுபாட்டைக் கராஜில் எடுத்துக் கூறினால் தேவையற்ற செலவைத் தவிர்க்கலாம்.

நமது பகுதிக்குரிய சிறப்பான கவனம்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியும் அதனை அடுத்த கடலும் நமது காற்றில் உப்பீரத்தைக் கலக்கின்றன. இதனால் செப்புக் கம்பிகளின் முனையில் பச்சைத் தூள் படிகின்றது. மின்சாரம் அதனூடு செல்லாது. மெல்லிய அறிகுறியோ அறவே நின்றுவிடும். மாரியில் வெள்ளம் பாயும் பாதைகளிலும் இயந்திரத்தை ஓட்டவேண்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டு தை மாதத்தில் வந்ததுபோன்ற பெருவெள்ளத்தில் நின்ற இயந்திரமாயின், ஒல்ரனேற்றரையும் எல்லா இணைப்புகளையும் கழற்றி, நன்னீரால் துடைத்து, முற்றாக உலர்த்தியபின்னரே ஓட்டுதல் வேண்டும்.

ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டு, இணைப்புகளைப் பிரித்துத் துடைத்து, மெல்லிதாக வசலின் பூசி இறுக்குக. வயர்களைச் சூடான புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுக. வைக்கோலுக்கு வரும் எலிகள் வயரைக் கடித்துள்ளனவா என்றும் பார்க்க. இதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

பிறந்த இடம், வந்த வழி, காட்டும் முள் என்னும் இவ்வொழுங்கிலேயே சோதனை நடைபெறுதல் வேண்டும். இவ்வொழுங்கை மாற்றி முள்ளிலிருந்து தொடங்குபவரே பணத்தை இழக்கின்றனர். கமக்காரர்கள் தத்தம் இயந்திரத்தின் கைந்நூலைத் தேடியெடுத்து, பி.ரி.ஓ. 540-க்கு உரிய என்ஜின் சுழற்சியைக் குறித்துக்கொண்டு, அடுத்த சூடடிப்புக்கு முன்னரே முள்ளைச் சோதித்துக்கொள்வார்களாக. ஐயம் எழுமிடத்துத் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி விளக்கம் பெறலாம்.